மன்றோ சிலையிலிருந்து ஜெமினி வரை

மன்றோவின் குதிரைக்குச் சேணம் இல்லை, அங்கவடியும் இல்லை. கவர்னர் சும்மா ஏறி உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டிருக்கிறார். சிற்பி மறந்துவிட்டார், அந்த அவமானத்தில் உயிரையே விட்டார் என்று சென்னையில் ஒரு கதை உண்டு. மன்றோ சேணமில்லாமல் சவாரி செய்வதில் சூரர் என்பது இன்னொரு கதை. இரண்டையும் நான் நம்புவதில்லை. சிலையைச் செய்தவர் லண்டன் சிற்பி பிரான்சிஸ் சாண்ட்ரி. அவரே செய்த நான்காம் ஜார்ஜ் மன்னரின் சிலை லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நிற்கிறது. அந்தக் குதிரைக்கும் சேணம் கிடையாது. சாண்ட்ரிக்கு அப்படிச் செய்வதுதான் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

தாமஸ் மன்றோ 1820 முதல் மதராஸ் மாகாண கவர்னர். 1827-ல் பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். ஊரார் பணம் திரட்டிச் செய்வித்த சிலை 1839-ல் தீவுத்திடலுக்கு வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர்களின் சிலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மியூசியத்துக்கு வண்டியேறின. மன்றோ அசையவில்லை. இடைத்தரகர் இல்லாமல் உழவனிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறையை ஊன்றியவர் என்ற நல்ல பெயர் ஒரு காரணமாக இருக்கலாம். மந்திராலயத்தில் ராகவேந்திரரே அவருக்குக் காட்சி கொடுத்துப் பேசினார் என்று பக்தர்கள் சொல்வார்கள். அப்படிப்பட்டவரை யார் போய்ப் பெயர்ப்பது?

இங்கிருந்துதான் நடக்க ஆரம்பித்தேன். மவுண்ட் ரோடு கோட்டைப் பக்கத்திலிருந்து பரங்கிமலை வரை சுமார் 15 கிலோமீட்டர். மலைக்குப் போகிற ரோடு என்பதால் அந்தப் பெயர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726-ல் கோஜா பெத்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் சொந்தக் காசில் பாலம் கட்டிக்கொடுத்த பிறகுதான் மலைப்பயணம் சுலபமாயிற்று. அந்தப் பாலம் போய், அதே இடத்தில் இன்று மறைமலையடிகள் பாலம் இருக்கிறது. அண்ணா 1969-ல் மறைந்த பின் சாலை அண்ணா சாலை ஆனது. கடிதத்தில் அண்ணா சாலை என்று எழுதுவோம், ஆட்டோக்காரரிடம் மவுண்ட் ரோடு என்போம். 15 கிலோமீட்டரையும் நடக்க எனக்குத் தெம்பில்லை; தேவையும் இல்லை. தீவுத்திடலிலிருந்து ஜெமினி வரையிலான நாலு கிலோமீட்டர் சொச்சத்தில்தான் சரக்கு இருக்கிறது.

கூவத்தைத் தாண்டினால் சிம்சன். இங்கே நிற்கும் பெரியார் சிலையைச் சுற்றித்தான் பாதி ஊர்வலங்கள் புறப்படும், பாதி கலைந்துபோகும். சிம்சன் 1840-ல் குதிரை வண்டி கட்டும் கம்பெனியாகத் தொடங்கியது. வண்டியின் முன்னால் இருந்த குதிரை போய் இஞ்சின் வந்தபோது அவர்கள் வாய்பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கே சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவிக் கார் செய்து ஓட்டிக் காட்டினார். மவுண்ட் ரோடு மோட்டார் ரோடு ஆனது அப்படித்தான். இன்றும் பக்கத்து ஜி.பி. ரோட்டில் நுழைந்தால் சீட் கவர், ஹாரன், சைடு மிரர் என்று கடைகள் நடைபாதைக்கே வந்து உட்கார்ந்திருக்கின்றன. காரோடு வந்தால் ஓரம்கட்டி அங்கேயே மாட்டிவிடுவார்கள்.

சிம்சனைத் தாண்டியதும் ஓமந்தூரார் தோட்டம். இந்த மதில் சுவருக்குள் நடந்ததை மட்டும் எழுதினாலே தமிழ்நாட்டு அரசியல் வரலாறு பாதி வந்துவிடும். முதலில் ராஜாஜி மண்டபம். திப்பு சுல்தானை வீழ்த்திய வெற்றியைக் கொண்டாட, ராபர்ட் கிளைவின் மகனான கவர்னர் எட்வர்ட் கிளைவ் கட்டச் சொன்ன விருந்து மண்டபம் அது. கட்டியவர் ஜான் கோல்டிங்ஹாம். மதராஸ் வானாய்வுக் கூடத்தில் நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். 1802-ல் கட்டி முடித்தார். கிரேக்கக் கோயில் பாணியில் தூண்கள், முன்னால் அகலமான படிக்கட்டு.

வெள்ளைக்காரச் சீமாட்டிகள் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறுவதற்காகப் போட்ட அந்தப் படிக்கட்டு பின்னால் வேறொரு காரியத்துக்கு வாய்த்தது. அண்ணா, ராஜாஜி, காமராஜர், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி என்று எல்லாத் தலைவர்களின் உடலையும் மக்கள் கடைசியாகப் பார்த்தது இங்கேதான். 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆரின் தலைமாட்டில் இரண்டு நாள் ஜெயலலிதா நின்றதும் இங்கேதான். 2016 டிசம்பரில் அதே மண்டபத்துப் படிகளில் அவரையே கிடத்தியிருந்தார்கள். இந்த மண்டபத்துக்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

அதே தோட்டத்தில் இருந்த பழைய அரசினர் மாளிகையை இடித்துவிட்டுக் கருணாநிதி ஆட்சியில் புதிய சட்டமன்ற வளாகம் கட்டினார்கள். ஜெர்மானியக் கட்டடக் கலைஞர்களின் வடிவமைப்பு. 2010 மார்ச் 13 அன்று பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தார். திறப்பு விழாவுக்குள் உச்சிக் கோபுரம் முடியவில்லை. சினிமா கலை இயக்குநர் தோட்டா தரணியைக் கூப்பிட்டு செட் போட்டார்கள்! அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது, சட்டமன்றம் கோட்டைக்கே திரும்பியது. 2014-ல் கட்டடம் பல்நோக்கு மருத்துவமனை ஆனது. அப்போது இதைப் பழிவாங்கல் என்று எழுதாத பத்திரிகையாளர் குறைவு. நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். இன்று வாசலில் நின்று பார்த்தால் அப்படிச் சொல்ல நா எழவில்லை. எக்ஸ்ரே கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு பெரியவர் வருகிறார். பின்னால் தூக்குவாளியோடு மருமகள். எந்த வழியாக வெளியே போவது என்று இருவருக்கும் குழப்பம். வட்டமான கட்டடத்தில் எல்லா வாசலும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. எம்.எல்.ஏ.க்களுக்காகப் போட்ட தளத்தில் செருப்பு தேய நடப்பவர்கள் திருவள்ளூரிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் விடிகாலை பஸ் பிடித்து வந்தவர்கள். 2022-ல் இதே தோட்டத்தில் கருணாநிதிக்குச் சிலை வைத்தார்கள். தான் எழுப்பிய சட்டமன்றத்தின் வளாகத்திலேயே, மருத்துவமனைக்குப் பக்கத்தில், அவர் நிற்கிறார்.

இந்து பத்திரிகை அலுவலகத்தைக் கடக்கும்போது 'மவுண்ட் ரோடு மகாவிஷ்ணு' என்ற பழைய கேலிப்பெயர் ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. 1878-ல் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி 80 பிரதி அச்சடித்துத் தொடங்கிய வாரப் பத்திரிகை அது. தொடங்கிய திருவல்லிக்கேணி இளைஞர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர்தான் 1882-ல் சுதேசமித்திரனையும் ஆரம்பித்தார். பாரதியை மதுரையிலிருந்து கூட்டிவந்து சுதேசமித்திரனில் உட்காரவைத்தவரும் அவரே. சுதேசமித்திரன் பிற்காலத்தில் இந்தச் சாலைக்கே குடிவந்தது. வந்த கட்டடத்துக்கு விக்டரி ஹவுஸ் என்று பெயர். அதற்கு முன் அது ஒயிட்அவே லெய்ட்லா என்ற ஆங்கிலேயத் துணிக்கடை. துரைமார்களுக்குக் கோட்டும் தொப்பியும் விற்ற இடம். சுதேசமித்திரன் நொடித்த பிறகு அதை வி.ஜி.பி. வாங்கி, தவணை முறையில் ஃபேனும் ரேடியோவும் கட்டிலும் விற்றார்கள். மாதாமாதம் கொஞ்சம் கட்டினால் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வரும் என்பதை நடுத்தரக் குடும்பங்கள் கற்றுக்கொண்டதில் அந்தக் கடைக்குப் பெரிய பங்கு உண்டு. துரைமார் தொப்பி, தேசபக்திப் பத்திரிகை, தவணை ஃபிரிட்ஜ் மூன்றையும் ஒரே விலாசம் பார்த்திருக்கிறது. இந்த ரோட்டில் நிலைத்தவை எல்லாம் இப்படி ஆள் மாறிக்கொண்டே இருந்தவைதான் என்று எனக்குப் படுகிறது. யாரும் குடியிருக்காமல், யாரும் வியாபாரம் செய்யாமல் விட்டவைதான் விழுந்தன.

பி. ஆர் அண்டு சன்ஸ் கடிகாரக் கடை 1879-ல் எழுந்த கட்டடம். வரைந்தவர் சிசோம், மெரினாவில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸையும் கட்டியவர். மெட்ரோ வேலைக்காக 2011-ல் கடையின் பின்பகுதியில் கொஞ்சம் இடித்தார்கள். அப்போது எழுந்த சத்தத்தில் முன்பகுதி பிழைத்தது. உள்ளே இன்னும் வாட்ச்தான் விற்கிறார்கள். கையில் செல்போன் வந்த பிறகும் மணிக்கட்டில் ஒன்று கட்டிக்கொள்ளும் ஆசை நமக்குப் போகவில்லை.

ரவுண்டானா என்று பழைய ஆட்கள் சொல்லும் இடத்தில் அண்ணா ஒரு விரலை நீட்டி நிற்கிறார். 1968 ஜனவரியில், இரண்டாவது உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்த சிலை. செலவு எம்.ஜி.ஆருடையது. முதலமைச்சராக உயிரோடு இருந்தவருக்கே சிலை. திறந்துவைத்தவர் ஏ. ராமசாமி முதலியார். நீதிக்கட்சிக்காரர் வந்து தி.மு.க. தலைவரின் சிலையைத் திறந்ததில் ஒரு கணக்கு நேராயிற்று என்று பலர் சொன்னார்கள்.

கொஞ்ச தூரத்தில் ஒரு சிலை இல்லாத இடமும் இருக்கிறது. 1975-ல் திராவிடர் கழகத்தார் கருணாநிதிக்குச் சிலை வைத்த இடம் அது. எம்.ஜி.ஆர். இறந்த அன்று கூட்டத்தில் ஓர் இளைஞன் மேலே ஏறிக் கடப்பாரையால் நெஞ்சில் இடித்தான். மறுநாள் அந்தப் படத்தையே முரசொலியில் போட்டுக் கவிதை எழுதினார் கருணாநிதி. திரும்ப அங்கே சிலை வைக்க வேண்டாம் என்று அவர் இருந்த வரைக்கும் விட்டுவிட்டார்.

சிலை என்றால் நீலைச் சொல்லாமல் போக முடியாது. 1857 கிளர்ச்சியின்போது அலகாபாத்திலும் கான்பூரிலும் கண்ணில் பட்டவரையெல்லாம் தூக்கில் போட்ட தளபதி ஜேம்ஸ் நீல். மதராஸ் படையைச் சேர்ந்தவர் என்பதால் அவருக்கு இந்த ரோட்டில், ஸ்பென்சர் அருகே சிலை வைத்தார்கள். 1927-ல் திருநெல்வேலி சோமயாஜுலு முதலானோர் அதை அகற்றச் சொல்லிச் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். சுத்தியலும் கோடரியும் எடுத்துக்கொண்டு போய்ச் சிலையை அடிக்க முயன்று சிறைக்குப் போனார்கள். இளைஞர் காமராஜரும் அதில் இறங்கினார். சென்னை வந்த காந்தியிடம் கேட்டபோது அகிம்சை வழி என்றால் சரி என்றார். சிலை நகர 1937 வரை ஆயிற்று. ராஜாஜி முதல்வரானதும் சத்தமில்லாமல் எழும்பூர் மியூசியத்துக்கு அனுப்பிவைத்தார். மன்றோ நிற்கிறார், நீல் போய்விட்டார். வெள்ளைக்காரன் என்று இரண்டு பேரையும் ஒரே கூடையில் போடாத இந்த ஊரின் நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது.

அண்ணா சாலை தலைமைத் தபால் நிலையத்துக்குள் பலரும் ரிஜிஸ்டர் போஸ்டுக்காகப் போய்வருகிறார்கள். அதே வளாகத்தில் இருக்கும் தபால்தலைப் பிரிவுக்குள் எட்டிப் பார்ப்பவர் குறைவு. 1913-ல் வார்விக் மேஜர் என்பவர் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டர் அது. சென்னையில் சினிமாவுக்கென்றே எழுந்த முதல் கட்டடங்களில் ஒன்று. பேசாத படங்கள், பக்கத்தில் பியானோ. இரண்டே வருடத்தில் மூடிவிட்டுத் தபால் இலாகாவுக்கு விற்றுவிட்டார்கள். வாசலில் இருந்த காவலரிடம் கேட்டேன்:

"இங்கதான் முன்ன சினிமா காட்டினாங்களாமே, அண்ணே?"

"அப்படித்தான் சார் வர்றவங்க எல்லாம் சொல்றாங்க. நான் வந்ததிலிருந்து ஸ்டாம்புதான்."

கண்ணாடிப் பெட்டிக்குள் காந்தி, மயில், பழைய ரயில் இஞ்சின். திரை இருந்திருக்கக்கூடிய சுவரைப் பார்த்தபடி ஓர் அம்மாள் பேரனுக்கு ஆல்பம் வாங்கிக்கொண்டிருந்தார். சினிமாவுக்கே பைத்தியமான ஊரில் சினிமா பிறந்த கட்டடங்களில் ஒன்று தபால்தலையால் உயிரோடு இருக்கிறது.

பிறகு வந்த தியேட்டர்களுக்கு அந்த யோகம் இல்லை. வெலிங்டன், குளோப், எல்பின்ஸ்டன், ஆனந்த், சாந்தி, சபையர் எல்லாம் போயாயிற்று. ஆனந்தைக் கட்டியவர் உமாபதி. சாந்தி சிவாஜி குடும்பத்தாருடையது. சிவாஜி ரசிகர்களுக்கு அது கோயில். புதுப்பட ரிலீசன்று ரோட்டில் போக்குவரத்து நின்றுவிடும். சபையரில் 70 எம்.எம். திரை, அதே கட்டடத்தில் புளூ டயமண்டும் எமரால்டும். புளூ டயமண்டில் காலைமுதல் படம் ஓடிக்கொண்டே இருக்கும், எப்போது வேண்டுமானாலும் நுழையலாம் என்பதால் ஏ.சி.க்காகவே டிக்கெட் எடுத்துத் தூங்கினவர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். 1970-ல் திறந்த தேவி இன்றும் படம் ஓட்டுகிறது. தேவி பாரடைஸுக்குப் படியேறாமல் சாய்தளத்தில் வளைந்து வளைந்து போகலாம். சின்ன வயதில் படத்தைவிட அந்தச் சாய்தளத்தில் ஓடுவதற்காகவே வருவோம்.

இனி கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம். ஜி.பி. ரோடு முனையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம். 1897-ல் டபிள்யூ.ஈ. ஸ்மித் என்ற மருந்து வியாபாரி கட்டினார், வடிவமைத்தவர் ஜே.எச். ஸ்டீபன்ஸ். அப்போதைய பெயர் கார்டைல் பில்டிங். கூம்புகள், மினார்கள், வளைவுகள், உப்பரிகைகள். ஒரு மருந்துக் கடைக்கு எதற்கு இத்தனை ஆடம்பரம் என்று தோன்றும். 1934-ல் பாரத் இன்சூரன்ஸ் வாங்கியது. 1956-ல் காப்பீடு தேசியமயமானபோது எல்.ஐ.சி.யின் கைக்கு வந்தது. 2006-ல் இடிக்கத் தொடங்கினார்கள். பாரம்பரியக் கட்டடங்களில் அக்கறையுள்ள இன்டாக் அமைப்பு நீதிமன்றத்துக்கு ஓடியது, உயர் நீதிமன்றம் இடிப்பை நிறுத்தியது. இடிப்பது நின்றதோடு சரி. பழுது பார்ப்பது தொடங்கவில்லை. எதிர்த் திசையிலிருந்து பார்த்தால் செங்கல் சிவப்பின் நடுவே பச்சை தெரிகிறது. அரசமரக் கன்றுகள். காக்கை எச்சத்தில் வந்த விதை, காரை வெடிப்பில் வேர்விட்டு, சாளரக் கல்லை நெம்பிக்கொண்டிருக்கிறது. புல்டோசர் ஒரு வாரத்தில் செய்வதை அரசமரம் இருபது வருடத்தில் செய்யும். அதை நிறுத்த எந்தக் கோர்ட்டில் மனுப் போடுவது?

கூப்பிடு தூரத்தில் எல்.ஐ.சி. கட்டடம். அதே முதலாளியுடையதுதான். ஆனால் இது செல்லப்பிள்ளை. யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்துக்காக இதைத் தொடங்கியவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், இந்தியன் ஓவர்சீஸ் பேங்க்கை ஆரம்பித்தவரும் அவர்தான். 1953-ல் வேலை தொடங்கியது, 1954 மார்ச்சில் சிங்கப்பூரில் விமான விபத்தில் அவர் இறந்தார். நிறுவனம் எல்.ஐ.சி.க்குள் கரைந்தது. 1959-ல் திறந்தபோது 177 அடி. இந்தியாவிலேயே உயரமான கட்டடம் என்ற பெருமை கொஞ்ச காலம் சென்னையிடம் இருந்தது. ஊரிலிருந்து வந்த கதாநாயகன் மஞ்சள் பையோடு அண்ணாந்து பார்க்கும் ஷாட் இல்லாமல் அந்தக் காலத்தில் தமிழ்ப்படம் உண்டா? 1975-ல் தீப்பிடித்தது. ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. பின் சரிசெய்து மீண்டும் குடியேறினார்கள். இப்போது சென்னையில் அதைவிட உயரமானவை எத்தனையோ வந்துவிட்டன. கண்ணாடி ஒட்டாமல், சிமென்ட் பட்டைகளைச் செங்குத்தாக நிறுத்தி வெயிலை மறித்த அதன் நேர்மை அந்த எதிலும் இல்லை என்பது என் கட்சி.

ஒரே நிறுவனத்தின் இரண்டு கட்டடங்கள். ஒன்றில் தினமும் பாலிசிக்காரர்கள் லிஃப்டுக்கு வரிசையில் நிற்கிறார்கள். இன்னொன்றில் பூட்டு. ஒன்றுக்கு வர்ணம் அடிக்கிறார்கள், இன்னொன்றுக்கு வேலி போடுகிறார்கள். பாரத் கட்டடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசுகிறவர்கள் அதை என்ன செய்யப் போகிறோம் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். அலுவலகமோ, நூலகமோ, ஓட்டலோ, ஏதோ ஒன்று உள்ளே ஓடினால்தான் யாராவது மழைக்காலத்துக்கு முன் மொட்டைமாடியில் செடி பிடுங்குவார்கள்.

இதற்கு நேர் சாட்சி ஹிக்கின்பாதம்ஸ். ஏபல் ஜோஷுவா ஹிக்கின்பாதம் 1844-ல் தொடங்கிய புத்தகக் கடை. இப்போதைய வெள்ளைக் கட்டடம் 1904-ல் எழுந்தது. உள்ளே நுழைந்ததும் தரையைப் பாருங்கள். கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம். நூற்றாண்டுக்கு மேல் மிதிபட்டு, கல்லாவுக்குப் போகும் பாதையில் மட்டும் பளபளப்பு கொஞ்சம் குறைவு. உயரமான கூரை, நடு மதியத்திலும் உள்ளே வெக்கை தெரியாது. ஊரில் நான் பார்த்த முதல் ஹிக்கின்பாதம்ஸ் ரயில் நிலையத்து மர ஸ்டால். வண்டி கிளம்புவதற்குள் ஒரு குமுதமோ கல்கியோ வாங்கி ஜன்னல் வழியாக நீட்டுவார்கள். அந்த ஸ்டாலின் தாய்வீடு இத்தனை பெரியதா என்று முதன்முறை இங்கே வந்தபோது மலைத்துப்போனேன். கடை ஒரு காலத்தில் ஸ்பென்சர் கைக்குப் போய், இப்போது சிம்சன் இருக்கும் அதே அமால்கமேஷன்ஸ் குழுமத்திடம் இருக்கிறது. முன்போல் கூட்டம் இல்லை. நான் போன அன்று தேர்வு கைடு பிரிவில்தான் நாலு பேர். ஆங்கில நாவல் அலமாரிப் பக்கம் ஒரு கல்லூரிப் பெண் புத்தகத்தின் பின்னட்டையைச் செல்போனில் படம் எடுத்துவிட்டு வைத்துவிட்டார். ஆன்லைனில் விலை பார்க்கத்தான், வேறெதற்கு.

பசி எடுத்தால் புகாரி. கொழும்பில் வளர்ந்த ஏ.எம். புகாரி 1951-ல் இந்த ஓட்டலைத் திறந்தார். சிக்கன் 65 இங்கேதான் பிறந்தது, பிறந்த வருடம் 1965 என்கிறார்கள் ஓட்டல்காரர்கள். 65 துண்டு, 65 நாள் கோழி, மெனுவில் 65-ஆம் அயிட்டம் என்று ஊரில் உலவும் கதைகளுக்குக் கணக்கில்லை. 78, 82, 90 என்ற எண்களிலும் இவர்களிடம் சிக்கன் உண்டு; அவை ஏன் ஊரைப் பிடிக்கவில்லை என்பது ஆராயத் தக்கது. நான் டீயும் பன் பட்டர் ஜாமும் சொன்னேன். பக்கத்து மேசையில் வக்கீல் குமாஸ்தா மாதிரி ஒருவர் பிரியாணியை முடித்துவிட்டு, "தம்பி, டீ ஸ்ட்ராங்கா" என்றார். இங்கே டீ கேட்காமலே ஸ்ட்ராங்காகத்தான் வரும்.

ஸ்பென்சரைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 1895-ல் பாக்சன் வரைந்து எழுந்த சிவப்புக் கட்டடம் ஆசியாவின் பெரிய கடைகளில் ஒன்றாக இருந்தது. குண்டூசி முதல் சோடா வரை விற்றார்கள். ஸ்பென்சர் சோடா என் தாத்தா தலைமுறைக்கு வயிற்றுவலி மருந்து. 1983-ல் தீயில் போயிற்று. அங்கே 1991-ல் வந்த ஸ்பென்சர் பிளாசா நாட்டின் முதல் மால்களில் ஒன்று. அது வந்தபோது அதற்குள் நடப்பதே சிங்கப்பூர் போய்வந்த மாதிரி. இப்போது காஷ்மீர்க் கம்பளக் கடைக்காரர்கள் வாசலில் நின்று கூப்பிடுகிறார்கள், பல ஷட்டர்கள் இறங்கிக் கிடக்கின்றன. பெயரையும் சிவப்பு வர்ணத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு கட்டினால் இப்படித்தான் ஆகும். புதிய மால் மோகம் கிளப் ஹவுஸ் ரோட்டில் எக்ஸ்பிரஸ் அவென்யூவுக்குப் போய்விட்டது. அந்த இடம் முன்பு வெள்ளைக்காரர் மட்டும் நுழையும் மதராஸ் கிளப். பிறகு கோயங்காவின் எக்ஸ்பிரஸ் எஸ்டேட். மதராஸ் கிளப்பில் உள்ளே விடாததால் இந்தியர்கள் 1873-ல் காஸ்மாபாலிடன் கிளப்பைத் தங்களுக்கென்று ஆரம்பித்தார்கள். அந்தக் கிளப் அண்ணா சாலையில் இன்றும் இருக்கிறது.

ஆயிரம் விளக்கு மசூதியின் மினார்களைக் கடந்து சர்ச் பார்க் பள்ளி. ஜெயலலிதா படித்த பள்ளி. இதன் பக்கத்தில்தான் 2017 ஏப்ரலில், அடியில் மெட்ரோ சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தபோது, சாலை திடீரென்று உள்வாங்கி ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் இறங்கின. நல்ல வேளை, உயிர்ச்சேதம் இல்லை. 2019 பிப்ரவரியில் சாலைக்கு அடியில் ரயில் ஓட ஆரம்பித்தது. தோண்டிய பள்ளங்களையும் தகரத் தடுப்புகளையும் வருடக்கணக்கில் சகித்த கடைக்காரர்களுக்கு யாரும் நன்றி சொன்னதாகத் தெரியவில்லை.

ஜெமினி. 1940-களின் தொடக்கத்தில், தீயில் அடிபட்ட ஒரு ஸ்டூடியோவை எஸ்.எஸ். வாசன் வாங்கி ஜெமினி ஸ்டூடியோ ஆக்கினார். 1948-ல் வெளிவந்த 'சந்திரலேகா'வின் முரசு நடனம் எடுத்தது இங்கே. ஸ்டூடியோவின் ஓர் அறையில் செய்தித்தாள்களைக் கத்தரித்து ஒட்டிக்கொண்டிருந்த ஓர் ஊழியர் அசோகமித்திரன். அவர் பார்த்த வாசனும், மேக்கப் அறையும், கத்தரித்த காகிதமும் பின்னால் புத்தகமாயின. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்துக்கும் போயின. ஸ்டூடியோ போய், அந்த இடத்தில் நட்சத்திர ஓட்டலும் அலுவலகக் கட்டடங்களும் வந்துவிட்டன. 1973-ல் கட்டிய மேம்பாலத்துக்கு அண்ணா மேம்பாலம் என்று பெயர் வைத்தார்கள். சென்னையின் முதல் மேம்பாலம். கீழே, திமிறும் குதிரையை மனிதன் அடக்கும் சிலைகள். குதிரைப் பந்தயத்தை ஒழித்ததன் நினைவாக வைத்தவை. அவற்றைச் சுற்றி ஓடும் வண்டிகளின் நடுவே நின்று பார்க்க நடைபாதை சரியாக இல்லை. சாலையைக் கடக்க வேண்டுமானால் போலீஸ்காரர் கண்ணில் பட வேண்டும்.

நீங்களும் நடக்க நினைத்தால் வேலை நாளில் போங்கள். ஞாயிறு ரோடு காலியாக இருக்கும், ஆனால் தபால்தலைப் பிரிவு மூடியிருக்கும். மெட்ரோவில் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் ராஜாஜி மண்டபத்துப் பக்கம் வந்துவிடலாம். மன்றோவைப் பார்க்க அங்கிருந்து கொஞ்சம் பின்னால் நடக்க வேண்டும். கால் வலித்தால் எல்.ஐ.சி., ஆயிரம் விளக்கு என்று நிலையங்கள் வழியில் இருக்கின்றன. பாரத் கட்டடத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து பாருங்கள், கிட்டப் போகாதீர்கள். மேலிருந்து காரை விழக்கூடும். ஹிக்கின்பாதம்ஸுக்குள் போனால் பின்னட்டையைப் படம் எடுத்துவிட்டு வராதீர்கள். ஒரு புத்தகமாவது காசு கொடுத்து வாங்கி வாருங்கள்.